மூன்றாவது வரிசையில் மஞ்சள்

ஞாயிற்றுக்கிழமை முதல் ஆட்டம் பார்த்தோம்,
எங்கள் செக்கிங் டேபிள் பதினோரு பேரும்.
ஆடியது அவர்கள்.
திங்கட்கிழமை கால் வலித்தது எங்களுக்கு.
பஸ் கிடைக்காமல்
அனுப்பர்பாளையம் வரை நடந்தது தனிக்கதை.

டியூப்லைட்டுக்குக் கீழே துணியை விரித்தால்
வாய் தானாகத் திறந்துகொள்ளும்.
"பாட்டு நொம்ப எச்சு" என்றாள் மயிலாத்தாள்.
"ஆறு பாட்டுக்கும் அவ மூஞ்சியப் பாத்துட்டே நிக்கறான்,
ஒருக்காவாச்சும் வாயத் தொறந்து சொன்னானா?
சொல்லியிருந்தா நாம
இடைவேளைக்கே ஊடு வந்து சேந்திருக்கலாம்."

இந்துமதிக்கு அந்த மௌனம்தான் படம்.
கல்யாணம் தள்ளிப்போய்க்கொண்டே இருப்பதால்
யார் சும்மா நின்றாலும்
அவளுக்குக் காதலாகத் தெரிகிறது என்று
மயிலாத்தாள் சொல்லிவிட்டாள்.
அரைமணி நேரம் இரண்டு பேரும் பேசவில்லை.

கௌசல்யா கணக்குப் போட்டாள்.
அவளுக்காக நாட்டியம் கற்றுக்கொள்ள
ஆறு மாதம் வேலைக்குப் போகவில்லையே அவன்,
"வாடகை ஆரு கட்டுனது?
செரி, லைன் ஊட்லதான் இருக்கறான்னு வெச்சுக்க,
கரண்ட் பில்லு?"

அயர்ன் டேபிள் சென்னியப்பண்ணன்
ஒன்றரை ஷிப்ட் முடித்து நேரே வந்தவர்,
பெயர் போடும்போது தூங்கி
கைதட்டலில் எழுந்தார்.
"நல்ல படமுங்க."
குறையே சொல்லாத ஒரே ஆள்.

சஸ்மிதாவுக்கு எங்கள் பேச்சு பாதிதான் புரியும்.
ஒடிசாவில் எந்த ஊர் என்று கேட்டால்
ரயில் நிற்காத ஊர் என்பாள்.
டிரிம்மரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து
அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே கிடந்த இரண்டடி இடத்தில்
நாயகி கடைசியில் தனியாக ஆடியதை
ஆடிக் காட்டினாள்.
இடது குதிகாலைத் தரையில் வைக்கவே இல்லை.
"வலி" என்றாள்.
"அந்தப் பொண்ணுக்கு. நடிப்பு இல்ல. நெஜம் வலி."

மூன்று மணி நேரம்
நாங்கள் கண்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

"அதத் தெரிஞ்சுதான்
அவன் பேசாம நின்னானாட்டருக்குது"
என்றாள் மயிலாத்தாள், யாரிடமும் இல்லாமல்.
இந்துமதி தலை நிமிரவில்லை.
நூல் வெட்டுகிற கை மட்டும்
கொஞ்சம் வேகமானது.

"நீ சொல்லுக்கா, உனக்கு எப்படி?"
என்னைக் கேட்டார்கள்,
ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு பீஸில்
குத்தம் தேடுகிறவளை.

"பரவால்ல" என்றேன்.

நான் பார்த்தது வேறு.
மூன்றாவது பாட்டு, மழை,
பின்னால் நாற்பது பேர் மஞ்சள் டீசர்ட்டில்.
வெள்ளைக்காரன் கழித்த லாட் அது.
சாயம் ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி,
கழுத்து ரிப்பில் ஊசி தவறிய கோடு.
போன ஆடியில்
ஒவ்வொன்றாக எடுத்து
சிவப்பு அம்பு ஒட்டியது நான்தான்.
கிலோக் கணக்கில் காதர்பேட்டைக்குப் போய்
அங்கிருந்து எப்படியோ
மழைக்குள் போயிருக்கிறது.

திரையளவுக்கு ஒரு கழுத்து வந்தது.
மூன்றாவது வரிசை, பூனைமீசைப் பையன்,
கதையில் அவனுக்குப் பெயர் இல்லை.
தையல் விட்ட இடத்தில்
தண்ணீர் முதலில் இறங்கி
மஞ்சள் அங்கே மட்டும் கருத்தது.
அவன் அதை அறியாமல் குதித்தான், குதித்தான்,
நாயகனைவிட ஒரு சாண் உயரம்.
தியேட்டர் முழுக்க விசில்.
கையை மடியில் இறுக்கிக்கொண்டேன்.
விட்டிருந்தால் விரல் தானாக நீண்டு
அந்த இடத்தைக் காட்டியிருக்கும்.

சூப்பர்வைசர் செருப்புச் சத்தம்.
அடுத்த கட்டைப் பிரித்தோம்,
கருநீலம், குழந்தை அளவு.
முதல் பீஸிலேயே தோள்பட்டையில் ஓட்டை,
எறும்புக் கண் அளவு.
அம்பை உரித்து விரல் நுனியில் வைத்திருக்கிறேன்.

"என்னக்கா யோசனை?" என்கிறாள் கௌசல்யா.

ஒண்ணுமில்ல கண்ணு.
அந்த மழைப்பாட்டு
எப்படித் தொடங்கும்?